ஊசியிலைக்கு அடியில்

புனிதை சிசிலியாவின் லாரி சேற்றில் மாட்டிக்கொண்டபோது தோள் கொடுத்துத் தள்ளிவிட்டவர்களில் ரொசெண்டாவும் ஒருத்தி. அதுவும் சும்மாவா தள்ளினாள்? தடுப்புக் கம்பைத் தானே தூக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி, வேலியோரத்துச் சாமந்தியைப் பறித்துச் சுமையின்மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளினாள். முழங்கால்வரை சேறு தெறித்தது. முன்னால் மேளமும் குழலும் போய்க்கொண்டிருந்தன. லாரி நிறையப் பச்சைப் பசேலென்று பைன் ஊசியிலை. திருவிழாவுக்கு வீடு, கோயில் என்று தரை முழுக்க அதைத்தான் பரப்புவோம். அந்த வாசனை இல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் புனிதருக்கும் விழா நடந்ததில்லை.

புனிதரின் சுமையைக் காவல்காரர்கள் சோதிப்பதில்லை. சோதிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சோதிக்க வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மேளச் சத்தம் கேட்டால் கம்பு தானாக உயரும்.

அந்த வருடம் காட்டுக்காவல் ரொசெண்டா வீட்டு முறை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் ஊருக்கு உழைக்க வேண்டும். உழைத்த வீட்டுக்குத்தான் மலைச் சுனைத் தண்ணீர். உழைத்த வீட்டுக்குத்தான் இடுகாட்டில் ஆறடி. முறை வந்தது அவள் கணவன் பர்த்தோலோவுக்கு. அவனோ எல்லை தாண்டி வடக்கே, எவனோ ஒருவனின் தக்காளித் தோட்டத்தில் குனிந்துகொண்டிருந்தான். ஆகவே காவலுக்கு அடையாளமான, வெள்ளிப்பூண் போட்ட கறுப்புக் கோல் மனைவியின் கைக்கு வந்தது. பெண்பிள்ளை கையில் கோலா என்று முணுமுணுத்தவர்களின் வாய் சீக்கிரமே அடைபட்டது. மரம் வெட்டினாலோ வெட்டத் துணை போனாலோ அந்த முற்றத்துக்கு ஒரு வருடம் தண்ணீர் கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விதவை கதாரினா விறகுக்காக ஒரு தேவதாருக் கன்றை வெட்டியபோது, அவள் அழ அழக் குழாயை அடைத்தவள் ரொசெண்டா. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அடைத்தாள்.

லாரி போன மறுநாள், கூட்டாளிக் காவல்காரன் லிசாந்திரோவோடு மலை ஏறினாள். மழை முடிந்து பல நாள் மூட்டமாகக் கிடந்ததால் மேல்காட்டுப் பக்கம் யாரும் போயிருக்கவில்லை.

லிசாந்திரோ வாய் ஓயாத ஆள். "மதினி, இந்த மேட்டுல ஏறி ஏறி எனக்கு இடுப்பே காணாமப் போச்சு. எம்பொண்டாட்டி தேடுறா."

"இருந்தாத்தானே தேடுறதுக்கு. பேசாம ஏறு."

மலையின் தோளில் அந்தத் தேவதாருக் கூட்டம் இருக்கிறது. ஏரியைச் சுற்றி மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் மலைகளை வழித்து எடுத்துவிட்டார்கள்; மிச்சம் இருப்பது எங்களுடையதுதான். மதியத்துக்கு மேல் ஏரியிலிருந்து கிளம்பும் மேகம் அந்த இலைகளில் தங்கிச் சொட்டுகிறது. அந்தச் சொட்டில்தான் சுனை ஊறுகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் நகரத்துக்காரர்களுக்கு இந்த மரம்தான் வேண்டும். வரவேற்பறையில் நிறுத்தி, விளக்குப் போட்டு, பண்டிகை முடிந்ததும் குப்பையில் எறிவார்கள். எறியட்டும். அவர்கள் வீட்டுக் குழாயா வறண்டுபோகிறது!

வளைவு திரும்பியதும் லிசாந்திரோவின் பேச்சு நின்றது. எப்போதும் இருட்டாக இருக்கும் இடத்தில் வெயில் அடித்தது. குட்டை குட்டையாக அடிமரங்கள். வெட்டுவாயில் பிசின் இன்னும் ஈரமாக இருந்தது. பெரிய மரங்கள் உச்சி மட்டும் கொய்யப்பட்டு, தலையில்லாமல் நின்றன. விதை பிடிக்கும் காய்கள் அந்த உச்சியில்தான் இருக்கும். எங்கேயோ மேலே ஒரு கொம்புக்கோழி அலகைத் தட்டிக்கொண்டே இருந்தது. கறுத்த உடம்பும் தலையில் செக்கச்சிவந்த கொம்பும் உள்ள அந்தப் பறவை பயந்தால்தான் அப்படித் தட்டும். ஒளிய இலையில்லாத மரத்தில் அது வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது.

ரொசெண்டா குனிந்து தரையைக் கிளறினாள். கையோடு வந்தது பைன் ஊசியிலை.

"இங்க ஏது பைன்?" என்றான் லிசாந்திரோ. "அது கீழ்க்காட்டுலல்ல இருக்கு."

"வெட்டினத மேல மூடுறதுக்குக் கொண்டாந்திருக்காங்க."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சாலைத் தடத்தைப் பார்த்தாள். இந்த வாரம் தடுப்பைத் தாண்டிக் கீழே போனது ஒரே ஒரு லாரி.

"மதினி," என்றான் லிசாந்திரோ மெதுவாக. "அது உங்க வீட்டுக்கு வந்த லாரி."

அதுதான் விஷயம். அந்த வருடம் சிசிலியா சபைக்குத் தலைவர் பர்த்தோலோவின் அண்ணன் சில்வேரியோ. புனிதையின் சிலை அவர் வீட்டில்தான் இருந்தது. அண்ணன் தம்பி இருவர் வீடும் ஒரே முற்றம், ஒரே குழாய். லாரிக்குப் பின்னால் சில்வேரியோவின் கை இருந்தால் ரொசெண்டாவின் வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. கை இல்லாமல், அவள் வீணாகப் புனிதையின் சுமையில் கை வைத்தவளானால், அவளுடைய வருடமே செல்லாது. அப்போதும் தண்ணீர் இல்லை. ஊர்ப் பட்டியலில் பர்த்தோலோவின் பெயரும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் மிஞ்சும், காட்டைத் தவிர. இறங்கும் வழியில் கால் எங்கே வைக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

சில்வேரியோ சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். தூபப் புகையில் அறையே தெரியவில்லை. நல்ல மனிதர்தான், கொஞ்சம் பெருமைக்காரர், அவ்வளவுதான். தம்பி இல்லாத குறை தெரியாமல் அவள் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கித் தந்தவர்.

"அத்தான், நேத்து வந்த லாரில அடியில என்ன இருந்துச்சு?"

"ஊசியிலை."

"அதுக்கு அடியில?"

"ஊசியிலை இன்னும் கொஞ்சம்." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறியது. "என்னம்மா கேள்வி இது? நான் என்ன கவுத்துப் போட்டா பாத்தேன்? சிசிலியா அம்மாவுக்குன்னு வந்தத மோந்து பாக்கறவன் விளங்குவானா?"

"லாரிக்காரன் எவேலியோ நம்ம ஊரு இல்ல. கடலோரத்து ஆளு. அவன் ஏன் நம்ம அம்மாவுக்கு இலவசமா லாரி ஓட்டணும்?"

"பக்தி! உனக்குப் புரியாது. லாரி மட்டுமா? நகரத்துலேருந்து மரிம்பா கோஷ்டியே கூட்டிட்டு வர்றான். ஒன்பது பேரு நின்னு மரக்கட்டையத் தட்டி வாசிக்கிற பெரிய மரிம்பா. சங்கீதக்காரங்களுக்கே தாய் நம்ம சிசிலியா. அவ விழால போன வருஷம் என்ன வாசிச்சாங்க தெரியும்ல? ஓட்ட ஸ்பீக்கர்! அக்கரை ஊர்க்காரன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

"மேல தேவதாருவ மொட்டை அடிச்சிருக்காங்க அத்தான்."

மெழுகுவத்தி அவர் விரலைச் சுட்டது. உதறிக்கொண்டார். "நாளைக்கு இன்னொரு நடை வருது. நீ வழக்கம்போலக் கம்பத் தூக்கு. விழா முடியட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று மாலை பர்த்தோலோ தொலைபேசியில் வந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை பின்னால் டிராக்டர் சத்தம்தான் கேட்டது.

"ரொசெண்டா, வருஷம் முடிய இன்னும் கொஞ்சம்தான். எப்படியாவது ஒப்பேத்திடு. அவரு எங்கண்ணன்டி."

"காடு யாருது?"

"நான் இங்கேருந்து என்ன செய்யட்டும்?" என்றான். குரல் உடைந்திருந்தது. அதற்குமேல் அவனைக் குடைய அவளுக்கு மனம் வரவில்லை. வைத்துவிட்டு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மறுநாள் காலையிலும் அதே நடைதான். கல்லில் போட்ட சோள ரொட்டி, தொர்த்தியா, கருகியது, மாற்றிப் போட்டதும் கருகியது. கடைசியில் ஓரகத்தி தோமாசா வந்து அடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ போய் உன் காட்டையே கட்டிட்டு அழு. பிள்ளைங்க கரித்துண்டத் தின்னணும்னு தலையெழுத்தா?"

தோமாசா சில்வேரியோவின் மனைவி. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரொசெண்டாவுக்கு அக்காவும் அவள்தான், சண்டைக்காரியும் அவள்தான். மறுநாள் விழாவுக்கு ஊருக்கே சோறு போட வேண்டும். முற்றத்தில் பானை பானையாகச் சோளம் ஊறிக்கொண்டிருந்தது. கால் கட்டிய கோழிகள் மூலையில் முனகிக்கொண்டிருந்தன. ரொசெண்டா கோலை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் போனாள்.

வெயில் உச்சிக்கு வரும்போது மேளம் கேட்டது. முதலில் மேளக்காரர், குழல்காரர். பின்னால் தொப்பியை மார்பில் பிடித்தபடி சில்வேரியோ, சபை ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊர். அதற்குப் பின்னால் முனகிக்கொண்டு லாரி. கம்பு தானாக உயரவில்லை. மேளம் தடுமாறி நின்றது.

"கம்பத் தூக்கும்மா," என்றார் சில்வேரியோ.

"சோதிச்சிட்டுத் தூக்கறேன் அத்தான்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மேளக்காரர்தான் முதலில் கத்தினார். "புருஷன் ஊர்ல இல்லன்னா புத்தியும் கூடவே போயிடுமா? அம்மாவோட சுமைல கை வைப்பியா நீ?"

"அம்மாவோட சுமைன்னா அம்மாவே பயப்பட மாட்டா. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

"லிசாந்திரோ!" என்றார் சில்வேரியோ. "நீ தூக்குடா."

லிசாந்திரோ ரொசெண்டாவைப் பார்த்தான், மேளத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "என்னால ஆகாது மதினி. மன்னிச்சிருங்க," என்று கம்பைத் தூக்கிவிட்டான். லாரி உறுமியது.

கோலை வைத்திருப்பவர் அதைத் தரையில் படவிடக் கூடாது. தூங்கும்போதுகூடச் சுவரில் சாத்தித்தான் வைக்க வேண்டும். வேறு வழியே இல்லாத நாளில் மட்டும் அதைப் பாதைக்குக் குறுக்கே போடலாம். போட்டால் ஊரில் பிறந்த எவனும் தாண்ட மாட்டான். தாண்டியவன் வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. போட்டவள் செய்தது தப்பென்றால் அவள் வருடமும் அத்தோடு போயிற்று. இதுவரை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் நினைவில்லை. ரொசெண்டா குனிந்து கோலைச் சேற்றில் குறுக்கே வைத்தாள்.

சில்வேரியோ ஓர் அடி பின்வாங்கினார். சபை ஆட்களும் பின்வாங்கினார்கள்.

லாரிக்குள்ளிருந்து எவேலியோ தலையை நீட்டினான். "என்னம்மா விளையாட்டு? குச்சிய எடு, நேரமாவுது." யாரும் அசையவில்லை. "நல்லா மாட்டினேன் உங்க ஊருகிட்ட," என்று சொல்லிக்கொண்டே வண்டியை நகர்த்தினான். முன்சக்கரம் கோலின்மேல் ஏறியது. படீரென்று அது முறிந்தது.

பாவம், அவனுக்கு என்ன தெரியும். அவனைப் பொறுத்தவரை அது ஒரு குச்சி. ஆனால் அவ்வளவு நேரம் ரொசெண்டாவைத் திட்டித் தீர்த்த மேளக்காரர் கழுத்திலிருந்து மேளத்தைக் கழற்றி டயருக்கு முன்னால் வைத்தார். பிறகு தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இறங்குடா," என்றார்.

இளவட்டங்கள் லாரியில் ஏறி ஊசியிலையை வாரி எறிந்தார்கள். முழங்கை ஆழம்வரைதான் பைன். அதற்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டிய தேவதாரு. முழுசு முழுசாக இளமரங்கள், காயோடு கொய்த உச்சிகள். அடியில் ஒரு சாக்கு துடித்தது. பிரித்தால், காலைக் கட்டிப்போட்ட ஒரு கொம்புக்கோழி. எவனோ பணக்காரனின் கூண்டுக்குப் போகவேண்டியதாம். லிசாந்திரோதான் கயிற்றை அறுத்தான். அறுக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். பறவை பறக்கத் தெரியாததுபோல் சேற்றில் நின்றது, அலகைத் தட்டியது, பிறகு வேலிக்குள் புகுந்து மறைந்தது.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. எவேலியோவையும் லாரியையும் மாவட்டக் காவலிடம் ஒப்படைப்பது என்பதில் யாருக்கும் பேச்சில்லை. சில்வேரியோ எழுந்து புனிதையின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார். "நான் அந்தக் காட்டுப் பக்கமே போகல. அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மரிம்பாவுக்கு ஆசப்பட்டு ஏமாந்துட்டேன்." குனிந்த தலையோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்தால் எதிரிக்கும் இரக்கம் வரும். நாளைக்கு விழா, சிலை இருப்பது அவர் வீட்டில். ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"தெரியாம நடந்துபோச்சு. ரொசெண்டா, நீ பிடிச்சவ. உன் முற்றத்துக் குழாய யாரும் தொட மாட்டோம். விழா நல்லபடியா நடக்கட்டும்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ரொசெண்டா மட்டும் உட்காரவில்லை.

"கதாரினாவும் தெரியாமத்தான் வெட்டினா. கன்னுன்னு நெனைக்கல, புதருன்னு நெனைச்சா. அவ குழாய யாரு அடைச்சது? நான். நீங்க எல்லாரும் நின்னு பாத்தீங்க. ஒருத்தராவது விடுன்னு சொன்னீங்களா?"

அவள் வீட்டுக்கு நடந்தாள். ஸ்பானரை எடுத்து, முற்றத்து மூலையில் பூமிக்குள் இருந்த குழாய்த் திருகைத் தன் கையாலேயே இறுக்கினாள். குழாய் இருமுறை இருமியது, நின்றது. சோளப் பானைகளுக்கு நடுவில் தோமாசா இடுப்பில் கைவைத்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். திட்டுவாள் என்று ரொசெண்டா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோமாசா இரண்டு குடத்தை எடுத்து ஒன்றை இவள் கையில் திணித்தாள்.

ஊருக்கே சமைக்கிற தண்ணீரை இனி ஏரியிலிருந்துதான் தூக்க வேண்டும். பாதை செங்குத்து. காற்று கிளம்பிவிட்டது, ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை. இரண்டாம் நடையில் ரொசெண்டா குடத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

தோமாசா நடந்துகொண்டே இருந்தாள்.

"அத்தான் ஏமாந்துட்டாரு. எனக்கு அது தெரியும். ஆனா கட்டுப்பாடுன்னா எல்லாருக்கும்தானே? நாளைக்கு அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு எனக்கே தெரியல. நேத்துலேருந்து எனக்கு நெஞ்சே நெஞ்சா இல்ல."

பாதி மேட்டில் தோமாசா நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த வாசனை எனக்குத் தெரியும்டி."

"எந்த வாசனை?"

"தேவதாரு. பைனுக்கு அப்படி இருக்காது, சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஊசியிலை மேற்பார்க்கப் போறேன்னுட்டுப் போவாரு. வரும்போது சட்டை கையெல்லாம் பிசின். ஒரு நாள் இல்ல. அந்த லாரிக்காரப் பயலுக்கு மரத்தக் காட்டிக் குடுத்ததே அவருதான்." அவள் குரல் உயரவேயில்லை. "நான் சோப்புப் போட்டுத் துவைச்சேன். போகல. மறுபடி துவைச்சேன். குடம் குடமா ஊத்தி அலசினேன். அந்தக் காட்டுத் தண்ணியிலயேதான்."

ரொசெண்டா குடத்தைக் கீழே வைத்தாள். செருப்பு வாங்கித் தந்த கை, கோயில் வாசலில் சத்தியத்துக்கு உயர்ந்த கை, எல்லாம் ஒன்றாக வந்து கண்ணை மறைத்தன. ஊர்த்தலைவர் வீடு மேட்டின் அடுத்த திருப்பத்தில்தான் இருந்தது.

"ஊருக்குச் சொல்லணும் அக்கா."

"சொல்லு. நீதானே காவல்."

"நான் சொன்னா யாரு நம்புவா? அவரு அம்மா பேருல சத்தியம் பண்ணியிருக்காரு. துவைச்சது நீங்கதானே."

தோமாசா தலையிலிருந்த குடத்தை இறக்கி, தண்ணீரைப் பாதையோரம் கொட்டிவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊர்த்தலைவர் வீட்டுத் திருப்பத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.